கிழங்கு கொண்டுவரும் தண்ணீர்

சந்தையில் ஒரு கிலோ சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கினால் அதில் ஏறத்தாழ முக்கால் கிலோ தண்ணீர். மாவுச்சத்து, சர்க்கரை, நார், கொஞ்சம் புரதம், உப்புகள் எல்லாம் மீதிக் கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். கையில் எடுத்தால் விறகுக்கட்டை மாதிரி கனக்கிற ஒரு பொருளுக்குள் இத்தனை தண்ணீர் இருப்பது, ஒரு நாள் சப்பாத்தி மாவைக் கெடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பொங்கல் முடிந்த வாரம். படையலுக்கு வாங்கியதில் நாலைந்து கிழங்கு மிச்சம் இருந்தது. குக்கரில் மூன்று விசில் விட்டு, தோலை உரித்து, சூடாகவே மசித்துக் கோதுமை மாவில் கொட்டினேன். பழக்க தோஷத்தில் அரை தம்ளர் தண்ணீரும் ஊற்றினேன். பிசையும்போது சற்றுத் தளர்வாக இருந்தது, ஊறினால் இறுகிவிடும் என்று மூடி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் மாவு பாத்திரம் முழுக்கப் பரவிக் கிடந்தது. உருட்டப் போனால் விரலோடு வந்தது. மேலும் மேலும் மாவைக் கொட்டிப் பிசைந்து ஒரு வழியாகச் சுட்டு எடுத்தேன். தட்டையும் தடிமனுமாக, கிழங்கின் வாசனையே இல்லாமல் இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் என் அத்தையிடம் போனில் சொன்னேன். "சீனிக்கெழங்குலயே தண்ணி கெடக்குல்லா, நீ வேற எதுக்கு ஊத்துன?" என்றார்.

அத்தை கேட்டதை மறுநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். சாதாரணச் சப்பாத்திக்கு 200 கிராம் கோதுமை மாவு எடுத்தால் எங்கள் வீட்டு மாவுக்குச் சுமார் 130 மில்லி தண்ணீர் பிடிக்கும். கல்லில் அரைத்த கோதுமை மாவு மைதாவைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். அரைக்கும்போது ஏற்படும் அழுத்தத்தில் மாவுச்சத்துத் துகள்கள் பல உடைந்துபோவது ஒரு காரணம். தவிடும் சேர்ந்தே இருப்பது இன்னொன்று. இப்போது அதே 200 கிராம் மாவுக்கு 200 கிராம் மசித்த கிழங்கு சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 140 கிராம் வருகிறது. மாவு கேட்கும் தண்ணீர் மொத்தத்தையும் கிழங்கே கொண்டுவந்துவிடுகிறது. அதற்குமேல் நான் ஊற்றிய அரை தம்ளருக்கு அங்கே வேலையே இல்லை.

அப்படியானால் முதலில் ஏன் ஓரளவு சரியாக இருந்தது, ஒரு மணி நேரத்தில் ஏன் கூழானது? அதைப் புரிந்துகொள்ளக் கிழங்கு வேகும் பானைக்குள் போக வேண்டும்.

பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாக, இறுக்கமாக அடுக்கப்பட்டுக் கிடக்கிறது. பச்சைக் கிழங்கைக் கடித்தால் கொஞ்சம்தான் இனிப்பது அதனால்தான். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கியதும் அந்தத் துகள்கள் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி ஊதுகின்றன. உள்ளே இருந்த அடுக்கு குலைகிறது. கஞ்சி கெட்டிப்படுவதும், இடியாப்ப மாவில் கொதிநீர் ஊற்றியதும் அது ஒட்டுவதும் இதே செயல்தான். கிழங்குக்குள் தாராளமாகத் தண்ணீர் இருப்பதால் வெளியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சேராமல் இது நடந்துவிடுகிறது. தணலில் புதைத்துச் சுட்ட கிழங்கு வெந்து குழைவது, தன் சொந்தத் தண்ணீரில் தானே வெந்துதான்.

இங்கே சர்க்கரைவள்ளியிடம் மட்டும் ஒரு தனித்திறமை உண்டு. அதன் சதையில் பீட்டா அமைலேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை ஒரு நுனியிலிருந்து பிடித்து, இரண்டிரண்டு கண்ணியாகக் கத்தரித்துக்கொண்டே போவது அதன் வேலை. அப்படி வெட்டி விழும் ஒவ்வொரு ஜோடியும் மால்டோஸ் என்ற சர்க்கரை. இந்த நொதி அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதால், 1946-லேயே சர்க்கரைவள்ளியிலிருந்து இதைப் பிரித்துப் படிகமாக்கிவிட்டார்கள். இன்றும் உயிர்வேதியியல் ஆய்வகங்களில் புரதங்களின் எடையை அளக்கும் அளவுகோல்களில் ஒன்றாகச் சர்க்கரைவள்ளியின் பீட்டா அமைலேஸ் பயன்படுகிறது.

ஆனால் நொதிக்கு ஒரு கட்டுப்பாடு. துகள்கள் இறுகிக் கிடக்கும்வரை அதனால் உள்ளே புக முடியாது. அவை ஊதித் திறந்த பிறகே வெட்ட முடியும். மறுபுறம், சூடு 75, 80 டிகிரியைத் தாண்டிவிட்டால் நொதியே உருக்குலைந்து செயலிழந்துபோகும். ஆக, கிழங்கு இனிப்பாவதற்குக் கிடைப்பது 60-க்கும் 80-க்கும் இடைப்பட்ட அந்தச் சின்ன இடைவெளி மட்டும். கிழங்கின் நடுப்பகுதி அந்த இடைவெளியில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இனிப்பு. குக்கரில் 120 டிகிரி நீராவி அந்த இடைவெளியை அவசரமாகக் கடந்துவிடுகிறது. மைக்ரோவேவ் அதைவிட வேகம். அடுப்பணைந்த பின் சாம்பல் சூட்டில் புதைத்து வைத்த கிழங்கும், ஜப்பானில் குளிர்காலத் தெருக்களில் சூடான கூழாங்கற்களுக்கு நடுவே நிதானமாகச் சுட்டு விற்கும் யாகி இமோவும் தேனாக இனிப்பதற்குக் காரணம் ரகம் மட்டுமில்லை. அந்த இடைவெளியில் நிற்கக் கிடைத்த நேரமும்தான். மால்டோஸ் நாம் காப்பியில் போடும் சர்க்கரையின் பாதியளவுகூட இனிக்காது. இருந்தும் கிழங்கு அத்தனை இனிப்பதிலிருந்து, எவ்வளவு மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

அதனால் ரொட்டிக்குக் கிழங்கு வேகவைக்கக் குக்கரைத் தொடுவதை நான் விட்டுவிட்டேன். மண்ணைத் தேய்த்துக் கழுவி, தோலோடு, நறுக்காமல், முழுசாக இட்லிப் பானையின் தட்டில் வைக்கிறேன். பானையில் தண்ணீர் பச்சையாக இருக்கும்போதே கிழங்கையும் வைத்துவிட்டு, மிதமான தீயில் சூடேற்றுவேன். பருமனான கிழங்குக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். நறுக்கித் தண்ணீருக்குள் போட்டு வேகவைத்தால் வெட்டிய முகங்கள் வழியே கூடுதல் தண்ணீர் ஏறும், சர்க்கரை வெளியே கரையும். இரண்டுமே ரொட்டிக்கு நஷ்டம். வெந்த கிழங்கைத் தோலுரித்து, கட்டியில்லாமல் மசித்து, ஒரு அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆவி எழும்பிப் போவது கண்ணுக்கே தெரியும். அது அத்தனையும் மாவைத் தளர்த்தியிருக்கக்கூடிய தண்ணீர்.

மசியல் மாவோடு சேரும்போது இரண்டாவது கதை தொடங்குகிறது. கோதுமையைச் சப்பாத்திக்கு உரியதாக ஆக்குவது குளூட்டன். இத்தாலியின் பொலோன்யா நகரில் பெக்காரி என்ற அறிஞர் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி அலசி, மாவுச்சத்து கரைந்தோடிய பின் கையில் மிஞ்சிய ரப்பர் போன்ற பொருளைப் பற்றி எழுதியது 1745-ல் அச்சேறியது. இதை நம் வீட்டுக் குழாயடியில் இன்றைக்கே செய்து பார்க்கலாம். எலுமிச்சை அளவு மாவு உருண்டையை மெல்லிய நீர்த்தாரையில் பிசைந்துகொண்டே இருந்தால், வெள்ளைத் தண்ணீர் ஓடி முடிந்த பின் இழுத்தால் நீளும் ஒரு பிசின் கையில் நிற்கும். சர்க்கரைவள்ளியில் அந்தப் பிசின் கிடையாது. அதன் புரதம் வேறு வகை. எவ்வளவு பிசைந்தாலும் வலை பின்னாது. கிழங்கை மட்டும் தட்டி ரொட்டியாக்க முயன்றால் புரட்டும்போது உடைந்துவிடுவது இதனால்தான்.

கோதுமையோடு சேர்ந்தாலோ, கிழங்கு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தண்ணீரின் இடத்தைத்தான். கோதுமை அப்படியே இருக்கிறது. 130 மில்லி தண்ணீர் விட்டால் 330 கிராம் வரும் மாவு, 200 கிராம் மசியலோடு 400 கிராம் ஆகிறது. குளூட்டன் சற்றே நீர்த்துப்போகிறது, அவ்வளவுதான். அதைத் தாண்டி மசியலை ஏற்றினால் வலை தாங்காது. எடைக்கு எடை என்பதே மேல் எல்லை என்று என் அனுபவம் சொல்கிறது. புதிதாகச் செய்பவர்கள் 200 கிராம் மாவுக்கு 150 கிராம் மசியலில் தொடங்கி, உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, கையாலேயே உதிர்த்துக் கலந்து பிசையட்டும். இரண்டு மூன்று நிமிடம் உதிரியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர்ச் சொம்பைத் தேடிக் கை போகும், போகக் கூடாது. மசியலுக்குள் இருக்கும் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. வெந்து ஊதிய மாவுச்சத்தும் நாரும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசையும்போதுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுமைப் பக்கம் நகரும். ஐந்து நிமிடப் பிசைதலுக்குப் பிறகும் மாவு சேரவில்லை என்றால் மட்டும் கையை நனைத்துக்கொள்வது போதும்.

நான் அன்றைக்கு மூடி வைத்த மாவு கூழானதற்கு ஒரு காரணம், இப்படித் தண்ணீர் மெதுவாக இடம்பெயர்ந்தது. இன்னொரு காரணம் கோதுமையே. கோதுமை மாவிலும் அமைலேஸ் நொதிகள் உண்டு. சாதாரணச் சப்பாத்தி மாவில் அவற்றுக்கு இரை குறைவு. கோதுமையின் மாவுச்சத்துத் துகள்கள் பச்சையாக, இறுகியே இருக்கும், அரைக்கும்போது உடைந்தவை மட்டும்தான் அகப்படும். வெந்த கிழங்கு வந்து சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. ஊதித் திறந்த மாவுச்சத்து அவற்றின் முன்னால் பரிமாறி வைத்தது போலக் கிடக்கிறது. கோதுமையின் நொதி கிழங்கின் மாவுச்சத்தை வெட்டுகிறது. வெட்டப்பட்ட மாவுச்சத்து பிடித்து வைத்திருந்த தண்ணீரை விட்டுவிடுகிறது. மாவு தளர்கிறது, பிசுபிசுக்கிறது, கொஞ்சம் கூடுதலாக இனிக்கவும் செய்கிறது. மசியல் சூடாக இருந்தால் இந்த வேலை இன்னும் விறுவிறுப்பாக நடக்கும். நான் சூடாகக் கலந்தேன், ஒரு மணி நேரம் விட்டேன், தண்ணீரும் ஊற்றினேன். மூன்றும் ஒரே திசையில் இழுத்திருக்கின்றன.

வழக்கமான சப்பாத்தி மாவை எவ்வளவு நேரம் ஊறவைக்கிறோமோ அவ்வளவு மிருது என்பார்கள். பிசைந்த குளூட்டன் இளகி, தேய்க்கும்போது பின்னால் சுருங்காமல் இருக்க அந்த நேரம் தேவை. கிழங்கு மாவுக்கு அந்த விதியை அப்படியே கொண்டுவரக் கூடாது. பதினைந்து இருபது நிமிடம் போதும். குளூட்டன் இளகுவதற்கும் நொதி வேலையைக் காட்டுவதற்கும் நடுவில் கிடைக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் மாவு மிக நல்ல பதத்தில் இருக்கிறது. இரவே பிசைந்து வைத்துக் காலையில் தேய்க்க வேண்டியவர்கள், கிழங்கை மட்டும் வேகவைத்து மசித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மாவைக் காலையில் பிசைவது நல்லது.

கல்லில் போடும்போது கிழங்கு ரொட்டி சீக்கிரம் சிவக்கும். மால்டோஸ் போன்ற சர்க்கரைகளும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் கைகோத்து, நிறமும் வாசனையும் தரும் நூற்றுக்கணக்கான சேர்மங்களைப் பிறப்பிக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் மயார் 1912-ல் விவரித்த வினை இது. தோசையின் முறுகலும் வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் இந்த வினையின் கொடைதான். கிழங்கு ரொட்டியில் சர்க்கரை கூடுதல் என்பதால், சாதாரணச் சப்பாத்திக்கு வைக்கும் தீயில் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிவிடும். தீயைக் குறைத்து, கொஞ்சம் கூடுதல் நேரம் விட வேண்டும். கருக விடாமல் பார்த்துக்கொள்ள ருசியைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. மாவுப் பண்டங்களை அதிகச் சூட்டில் கருக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை ஸ்வீடனில் 2002-ல் கண்டறிந்தார்கள். பொன்னிறம் போதும், கறுப்புப் புள்ளிகள் அழகுக்குத் தேவையில்லை.

இந்த ரொட்டி புல்கா மாதிரி பந்தாக உப்புமா என்று கேட்பார்கள். தண்ணீர் நீராவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. மேல்தோலும் கீழ்த்தோலும் முதலில் இறுகி, நடுவில் அந்த ஆவி சிக்கிக்கொண்டால் ரொட்டி உப்பும். கிழங்கு மாவில் ஆவிக்குக் குறைவில்லை, தோல்தான் பலவீனம். மசியாமல் நின்ற ஒரு சிறு கட்டி, ஒரு நார் போதும், அந்த இடத்தில் தோல் கிழிந்து ஆவி தப்பிவிடும். மசியலைச் சல்லடையில் ஒருமுறை தேய்த்து எடுத்தால் பெரும்பாலானவை உப்பும். உப்பாவிட்டாலும் குறையில்லை. இந்த ரொட்டியின் மென்மை உப்பலிலிருந்து வருவதில்லை, கிழங்கு பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலிருந்து வருகிறது.

இதுவரை சொன்னது எந்த நிறக் கிழங்குக்கும் பொருந்தும். ஆனால் நிறத்தையும் பேச வேண்டும், ஏனென்றால் சர்க்கரைவள்ளி என்றாலே வைட்டமின் ஏ நிறைந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் கடைகளில் அதிகம் வருவது வெளியே இளஞ்சிவப்பும் உள்ளே வெளிர் நிறமுமான கிழங்கு. அதில், உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் மிகச் சொற்பம். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்கில்தான் அது குவிந்திருக்கிறது. அந்த நிறமே அதுதான். 1963-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பூ சோனா, ஸ்ரீ கனகா போன்ற ஆரஞ்சு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஊதாச் சதை கொண்ட பூ கிருஷ்ணாவும் அங்கிருந்து வந்ததே. ஊதாக் கிழங்கில் ரொட்டி செய்பவர்கள் மாவில் இரண்டு கரண்டி தயிர் சேர்த்தால் நிறம் சிவப்புப் பக்கம் சாய்ந்து பளிச்சென்று நிற்கும். சோடா உப்பு சேர்த்தால் நீலமாகி, பார்க்கவே பசி போகும்.

ஆரஞ்சுக் கிழங்கும் சப்பாத்தியும் சேர்ந்து ஒரு பெரிய காரியம் செய்த இடம் ஆப்பிரிக்கா. 1896-க்கும் 1901-க்கும் நடுவில் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை ரயில் பாதை போட ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களும் பின்னால் போன வணிகர்களும் எடுத்துச் சென்ற சப்பாத்தி இன்று கென்யாவிலும் உகாண்டாவிலும் உள்ளூர் மக்களின் சொந்த உணவு. சுவாஹிலியிலும் அதன் பெயர் சப்பாத்திதான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த சர்க்கரைவள்ளியும் அங்கே பல தலைமுறையாக விளைகிறது. ஆனால் அங்கும் வெள்ளைக் கிழங்கே பழக்கம். வைட்டமின் ஏ பற்றாக்குறையால் குழந்தைகள் பார்வை இழப்பதும் நோயில் சாவதும் தொடர்ந்த நாடுகள் அவை.

இதைத் தடுக்க ஆரஞ்சுக் கிழங்கைக் கொடுத்தபோது மக்கள் உடனே ஏற்கவில்லை. நிறம் காரணமில்லை, தண்ணீர்தான் காரணம். வெளியிலிருந்து வந்த ஆரஞ்சு ரகங்கள் வெந்ததும் கொழகொழவென்று இருந்தன. மாவாக உதிரும் கிழங்குக்குப் பழகிய நாக்குக்கு அது பிடிக்கவில்லை. பயிர் அறிஞர்களான மரியா ஆண்ட்ரேட் மொசாம்பிக்கிலும் ராபர்ட் முவாங்கா உகாண்டாவிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஆரஞ்சு நிறமும் குறைந்த நீரும் ஒரே கிழங்கில் சேரும் ரகங்களை உருவாக்கினார்கள். ஆரஞ்சுக் கிழங்கைச் சாப்பிட்ட சிறு குழந்தைகளின் உடலில் வைட்டமின் ஏ உயர்ந்ததை ஜேன் லோவும் அவர் குழுவினரும் மொசாம்பிக் கிராமங்களில் அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். இந்த மூவருக்கும், பயிரிலேயே சத்தைக் கூட்டும் முயற்சிக்கு வித்திட்ட ஹோவார்த் பூயிஸுக்கும் 2016-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கிழங்கின் ஈரத்தைச் சில விழுக்காடு குறைப்பதுகூடப் பிள்ளைகளின் கண்களைக் காக்க உதவும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கென்யா, உகாண்டா பக்கம் வீடுகளிலும் சிறு கடைகளிலும் ஆரஞ்சு மசியலைப் பிசைந்து சப்பாத்தி சுடுகிறார்கள். எண்ணெய் தாராளமாக விட்டுச் சுடுவது அந்த ஊர் வழக்கம். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது; எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி குடலில் ஏறாது. வேகவைத்து மசிப்பதும் உதவுகிறது. செல்சுவர் உடைந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். எனவே ஆரஞ்சுக் கிழங்கு ரொட்டியில் அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் குறைக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், நிதானமாகச் சுட்டு இனிப்பேற்றிய கிழங்கை ரொட்டிக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. வேகவைத்ததை விடச் சுட்ட கிழங்கு இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். கோதுமையோடு சேர்ந்தால் மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்து. எண்ணிக்கையைக் குறைத்து, பக்கத்தில் கடலைக்கறியோ கீரையோ வைத்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சிய ரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி. சப்பாத்தி மறுநாள் விறைப்பதை நாம் காய்ந்துவிட்டது என்கிறோம். பிரான்ஸைச் சேர்ந்த பூசிங்கோ 1852-லேயே, ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் விறைத்துப்போகும் என்று காட்டினார். வெந்து குலைந்த மாவுச்சத்து, ஆறிய பின் மெல்ல மெல்ல மறுபடி அடுக்கிக்கொள்வதே விறைப்பு. குளிர்பெட்டியின் குளிரில் அது இன்னும் வேகமாக அடுக்கும். கிழங்கு ரொட்டியில் சர்க்கரைகளும் நாரும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அந்த அடுக்கலைத் தாமதப்படுத்துகின்றன. ராத்திரி எட்டு மணிக்குச் சுட்டதைப் பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் மூடி, அடுப்பு மேடையிலேயே வைத்தேன். காலை ஏழு மணிக்குப் பிள்ளையின் பள்ளி டப்பாவுக்காக எடுத்து, பாதியாக மடித்து, அதையும் பாதியாக மடித்தேன். மடிப்பில் ஒரு விரிசல்கூட விழவில்லை.